ரெண்டு மணி மாத்திரை

அந்த மருந்துக் கவரைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க தம்பி. தப்பா நெனைக்காதீங்க, வெளிச்சத்துல அட்டையோட பேரு தெரிஞ்சுது, அதான். அசைக்ளோவிர். எண்ணூறு. சரிதான். யாருக்கு, அப்பாவுக்கா? முதுகுல அக்கியா, நெஞ்சுலயா? ரெண்டாம் நாளே டாக்டர்ட்ட காட்டிட்டீங்களா, நல்லது. ஒரு நாளைக்கு அஞ்சு, ஏழு நாளைக்கு. நான் சொல்லுதது சரியா இருக்கா? இருக்கும். இந்த மாத்திரையப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு மருந்துக்கடைக்காரனுக்கே தெரியாது. என் குடும்பத்தைக் கெடுத்தது இதுதான்.

இல்ல இல்ல, பயந்துராதீங்க. உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு நடந்ததைச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. நீங்க சிவகிரியா? நான் புளியங்குடியில எறங்கிருவேன். இப்பத்தான் கடையநல்லூர் தாண்டியிருக்கு. இந்த டிரைவர் உருட்டுத உருட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். என் காலத்துல அரைமணியில போயிரும்.

என் பேரு உலகநாதன். பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்தோரு வருஷம். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கெளம்பணும், எத்தனை மணிக்கு வந்து சேரணும், எல்லாம் என் நோட்டுல இருக்கும். ஒரு மெமோ வாங்குனதில்ல. இதை எதுக்குச் சொல்லுதேன்னா, ஏனோதானோன்னு மருந்து கொடுத்தவன் நான் இல்லன்னு உங்களுக்குத் தெரியணும்.

போன ஆனி மாசம். குத்தாலத்துல சாரல் அடிச்சுக்கிட்டிருக்கு, எங்க தென்காசியே ஈரமாக் கெடக்கு. என் வீட்டுக்காரி ஆவுடையம்மா இடுப்புல எரியுதுன்னா. அம்பத்தொம்பது வயசு அவளுக்கு. மறுநாள் பாத்தா இடது பக்கம் இடுப்புலருந்து முதுகு வரைக்கும் கொத்துக் கொத்தா கொப்புளம். பக்கத்து வீட்டுக்காரங்க, காவி மண்ணைக் குழைச்சு அக்கி எழுதுத ஒருத்தர் இருக்காரு, கூட்டிட்டுப் போங்கன்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். நான் விவரம் தெரிஞ்சவன் தம்பி. நேரா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். சின்ன வயசு டாக்டர், உங்க வயசுதான் இருக்கும். பாத்த ஒடனே சொல்லிட்டாரு. சின்னப்பிள்ளையில அம்மை போட்டதோட கிருமி நரம்புக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு இருக்குமாம், வயசானப்புறம் இப்படி வெளிய வருமாம். மூணு நாளுக்குள்ள மாத்திரையத் தொடங்குனா நல்லது, நீங்க சரியான நேரத்துக்கு வந்துட்டீங்கன்னாரு. சரியான நேரத்துக்கு. அதை அவரு சொன்னாரு, நான் சொல்லல.

அப்புறம் கேட்டாரு. சுகர் உண்டா, பிரஷர் உண்டா, கிட்னியில கோளாறு உண்டா, ரத்தத்துல உப்பு, அதான் கிரியாட்டினின், கூடியிருக்குன்னு யாராவது எப்பவாவது சொன்னாங்களா. அவ வாயைத் தொறந்தா. நான் ஒண்ணும் கிடையாது டாக்டர்னுட்டேன். அவ பேசத் தொடங்குனா எங்கயோ போய் எங்கயோ முடிப்பா. வெளிய பதினாலு பேரு உக்காந்திருக்கான். டாக்டரோட நேரத்துக்கும் மதிப்பு உண்டுல்ல.

மூணு விஷயம் சொன்னாரு அவரு. நிறையத் தண்ணி குடிக்கணும், ரெண்டரை லிட்டர், மூணு லிட்டர். வேற வலி மாத்திரை எதையும் நீங்களா வாங்கிப் போடாதீங்க. ஒண்ணுக்குப் போறது கொறைஞ்சாலோ, ஆளு கொழப்பமாப் பேசுனாலோ ஒடனே மாத்திரைய நிறுத்திட்டு வாங்க. கொஞ்சம் கொமட்டும், தலை வலிக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். இவ்வளவுதான். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. ஞாபகம் இல்லாம ஒண்ணும் நடக்கல.

வீட்டுக்கு வந்து சுவத்துல ஒரு தாள் ஒட்டினேன். காலையில ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, சாய்ங்காலம் ஆறு, ராத்திரி பத்து. கொடுக்கக் கொடுக்க டிக் அடிச்சேன். டிப்போவுல வண்டி விட்ட மாதிரித்தான். உங்க வீட்டுலயும் அப்படிச் செய்யுங்க. நேரம் தவறுனாத்தான் இதெல்லாம் கெடும்.

தண்ணி. அதைத்தான் அப்புறம் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க, அதனால சொல்லிருதேன். எங்க வீட்டுல கக்கூஸ் புறவாசல்ல. எட்டு படி எறங்கணும். சாரல்ல கல்லு பூரா பாசி. அவளுக்கு முழங்கால் வலி வேற, பத்து வருஷமா. ஒவ்வொரு தடவையும் நான் கையப் பிடிச்சு எறக்கி, நின்னு, ஏத்திக் கூட்டிட்டு வரணும். முதல் நாளே ஏழு தடவை போனா. எனக்கும் அறுபத்தி நாலு வயசு. அதனால ஒரு கணக்கு வச்சேன். அஞ்சு தடவை மாத்திரை, அஞ்சு டம்ளர் தண்ணி. அதுக்கு மேல கேட்டா, அடுத்த மாத்திரையோட தாரேன்னு சொல்லிருவேன். அவளும் சரின்னுருவா. பிடிவாதம் பிடிக்கவே மாட்டா. முப்பத்தஞ்சு வருஷத்துல எதுக்கும் பிடிவாதம் பிடிச்சதில்ல.

வலி மாத்திரை அவ எப்பவும் போடுததுதான். முழங்காலுக்கு, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, தெருமுனைக் கடையில நான்தான் வாங்கிட்டு வருவேன். அது புதுசா வாங்குனது இல்லைல்ல. டாக்டர் சொன்னது புதுசா வாங்கிப் போடாதீங்கன்னு. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

ரெண்டாம் நாள் பத்து மணி மாத்திரைய வாந்தி எடுத்துட்டா. டிக் அடிச்சாச்சு, மாத்திரை உள்ள இல்ல. இன்னொண்ணு கொடுத்தேன். மூணாம் நாள் மத்தியானம் அசந்து தூங்கிட்டா, எழுப்ப எழுப்ப எந்திரிக்கல. ரெண்டு மணி மாத்திரை தவறிப் போச்சு. அதையும் சேத்து ஆறு மணிக்கு ரெண்டாக் கொடுத்தேன். விட்டுப்போன டிரிப்பை எங்கயாவது சரிக்கட்டணுமா இல்லையா. அப்படிச் சேத்துக் கொடுக்கவே பிடாதாம். அதுவும் பிந்தித்தான் சொன்னாங்க.

நாலாம் நாள் காலையில அவ கை உதறிக்கிட்டே இருந்துது. டம்ளரைப் பிடிக்க முடியல. சாரல் காத்து, குளிருதுன்னு நெனைச்சேன். ஒண்ணுக்குப் போகணுமான்னு கேட்டேன், வேண்டான்னா. எனக்கு நிம்மதியாத்தான் இருந்துது, பொய் சொல்லல.

மத்தியானம் ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு. மாத்திரையும் தண்ணியுமா உள்ள போனேன். கட்டில்ல எந்திரிச்சு உக்காந்திருக்கா. சேலையெல்லாம் ஒழுங்காக் கட்டியிருக்கா. தலைகாணியப் பை மாதிரி மடியில வச்சிருக்கா. என்னைப் பாத்ததும், "சார், புளியங்குடி வண்டி எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டா.

"ஏளா, நான்தான்"ன்னேன்.

"தெரியும் சார். டைம் கீப்பர் சார்தானே. எங்க வீட்டுக்காரரும் இங்கதான் வேலை பாக்காரு. அவரு சாப்பிடப் போயிருக்காரு. அவரு வரதுக்குள்ள என்னைய ஏத்தி விட்டுருங்க."

இது என்னன்னு உங்களுக்குச் சொல்லணும். அவ அம்மா புளியங்குடியில எறந்து இருபத்தெட்டு வருஷமாச்சு. அன்னைக்கு அம்மாவுக்கு ரொம்ப முடியலன்னு ஆள் வந்து சொல்லி, இவ ஒரு பையைத் தூக்கிக்கிட்டு டிப்போவுக்கே வந்துட்டா. டைம் ஆபீஸ் ஜன்னல்ல வந்து நிக்கா. அத்தனை டிரைவர் கண்டக்டர் முன்னால. நான் வீட்டுக்குப் போ, டியூட்டி முடியட்டும், சேர்ந்து போவோம்னேன். தனியா அனுப்ப மனசில்ல எனக்கு. அது தப்பா? டியூட்டி முடிஞ்சு நாங்க போய்ச் சேரும்போது எல்லாம் முடிஞ்சிருந்துது. அவ ஒரு வார்த்தை என்னைச் சொல்லல. அன்னைக்கும் சொல்லல, அதுக்கப்புறமும் சொல்லல. நானே அதை மறந்துட்டேன்.

இப்ப கட்டில்ல உக்காந்துக்கிட்டு அந்த வண்டியைக் கேக்கா.

நான் போயிருக்கணும், ஒரு ஆட்டோவப் பிடிச்சிருக்கணும். டாக்டர் சொன்னாருல்ல, கொழப்பமாப் பேசுனா நிறுத்திட்டு வாங்கன்னு. ஆனா எனக்கு அந்த நேரத்துல கேக்கணும்போல இருந்துது தம்பி. "உங்க வீட்டுக்காரருக்கு ஏன் தெரியக் கூடாது?"ன்னு கேட்டேன்.

"தெரிஞ்சா சாய்ங்காலம் போவோம்பாரு சார்."

"கெட்டவரா அவரு?"

யோசிச்சா. நல்லா யோசிச்சுத்தான் சொன்னா. "கெட்டவரு இல்ல. குடிக்க மாட்டாரு, கைநீட்ட மாட்டாரு. ஆனா அவரு டியூட்டிக்குப் போறாருல்ல, வாசல்ல சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கிற சத்தம் கேக்கும். அது கேட்டப்புறந்தான் சார் நான் மூச்சே விடுவேன். இப்ப ரிட்டயர் ஆயிட்டாரு. சைக்கிளையும் வித்துட்டாரு."

அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவர்ட்ட சொல்லிராதீங்க சார்"ங்கா.

மணியைப் பாத்தேன். ரெண்டு ஆயிருச்சு. மாத்திரையக் கொடுத்தேன். போட்டுக்கிட்டா.

அப்படிப் பாக்காதீங்க. கோர்ஸை நடுவுல நிறுத்தப்பிடாதுன்னு எல்லா மருந்துக்கும் சொல்லுவாங்களா இல்லையா? எனக்கு அதுதான் மனசுல நின்னுது.

கொழுந்தியா சண்பகம் தினம் நாலு மணிக்குப் போன் பண்ணுவா. புளியங்குடியில அவங்க அம்மா இருந்த வீட்டுலதான் இருக்கா, புருஷன் கிடையாது, எலுமிச்சங்காய் கமிஷன் கடையில காய் தரம் பிரிக்கா. அக்காட்ட கொடுங்கன்னா. போனைக் காதுல வச்சேன். இவ, "அம்மாவுக்கு எப்படியிருக்கு, வந்துக்கிட்டே இருக்கேன்"ங்கா. சண்பகம் ஒடனே போனை வச்சுட்டா. ஒண்ணரை மணி நேரத்துல ஒரு காரைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கா.

நேரா உள்ள போனா. அக்கா கன்னத்தைத் தட்டினா. ஆவுடைக்கு அப்ப அரை மயக்கம். வாயைத் தொறந்து பாத்துட்டு, "அத்தான், நாக்கைப் பாருங்க. காஞ்சு போய் வெடிச்சிருக்கு. தண்ணி கொடுத்தீங்களா?"ன்னு கேட்டா.

"ஆறு மணிக்கு மாத்திரையோட கொடுப்பேன்"னேன்.

அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. நான் சொன்னதுல என்ன தப்புன்னு அப்ப எனக்கு வெளங்கல. மணி அஞ்சே முக்கால்தான் ஆகியிருந்துது.

திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா வந்து என்கொயரி மாதிரி ஆரம்பிச்சா. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாங்க? நேத்து. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி? அஞ்சு டம்ளர். வேற என்ன மாத்திரை? முழங்காலுக்குப் போடுதது. ரத்தப் பரிசோதனை முன்னால எடுத்ததுண்டா?

நான் இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். சண்பகம் முந்திக்கிட்டா. போன வருஷம் ஒரு மருத்துவ முகாம்ல எடுத்தாங்க, உப்பு கூட இருக்கு, மறுபடி எடுத்துப் பாக்கணும்னு எழுதிக் கொடுத்தாங்க, அக்கா எனக்குப் போன்ல சொன்னான்னா. அந்தச் சீட்டு என் பீரோவுலதான் இருந்துது. முகாம்ல எடுக்குததை எல்லாம் யாரு தம்பி நம்புதது? ஆவுடையும் ஒரு தடவைதான் கேட்டா, மறுபடி எடுக்கப் போகணுமான்னு. பாப்போம்னேன். அதுக்கப்புறம் கேக்கல.

அந்த டாக்டரம்மா சத்தம் போடல. போட்டிருந்தாக் கூடத் தேவல. மெதுவாச் சொன்னா. "மாத்திரை தப்பான மாத்திரை இல்ல சார். அக்கிக்கு இதுதான் கொடுக்கணும். ஆனா இது கிட்னி வழியாத்தான் வெளிய போகும். கிட்னி கொஞ்சம் தளர்ந்திருந்தா அளவைக் கொறைச்சுக் கொடுக்கணும், அதுக்கு டாக்டருக்கு விஷயம் தெரியணும். தண்ணி கொறைஞ்சா மருந்து கிட்னியிலயே படிஞ்சு அடைச்சுக்கும். அந்த வலி மாத்திரை அதுக்கு மேல ஒரு அடி. வெளிய போகாத மருந்து உடம்புல தேங்கி மூளைக்குப் போயிருச்சு. ஆள் தெரியாமப் பேசுறது, கை உதறுறது எல்லாம் அதோட பக்க விளைவு."

பக்க விளைவு. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உசுரு வந்துது. அப்ப அவ பேசுனது எல்லாம் மருந்துதானே டாக்டர்னு கேட்டேன். எதுன்னு கேட்டா. ஒண்ணுமில்லன்னுட்டேன்.

ரத்தத்தைச் சுத்தம் பண்ணுத மிஷின்ல ரெண்டு தடவை போட்டாங்க. ரெண்டாவது தடவைக்கு மறுநாள் கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தா. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா. சார்னு சொல்லல. நான் வராண்டாவுல போய் நின்னு அழுதேன், சண்பகத்துக்குத் தெரியாது.

பத்து நாள்ல கிட்னி பழையபடி வந்துருச்சு. முழுசா இல்ல, ஆனா போதும்னாங்க. வீட்டுக்கு அனுப்புத அன்னைக்கு டாக்டரம்மா சொல்லவேண்டியதையெல்லாம் அவட்டதான் சொன்னா, எங்கிட்ட இல்ல. இனிமே எந்த டாக்டர்ட்ட போனாலும் உப்பு கூடியிருந்துதுன்னு நீங்களே வாயைத் தொறந்து சொல்லணும். வலி மாத்திரை தொடப்பிடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாக்கணும். வீட்டுல உங்களை யாரு பாத்துக்குவான்னு கேட்டா.

நான் பதில் சொல்ல எந்திரிச்சேன். ஆவுடை எனக்கு முந்தி, "நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேம்மா"ன்னா.

எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். எங்கிட்டத் திரும்பி, "நாள் கணக்கு இல்லங்க. அங்கயே இருந்துக்கிடுதேன்"ன்னா. கோவமே இல்ல. காபி போடட்டான்னு கேக்குத மாதிரி சொன்னா.

நான் டாக்டரம்மாவை வெளிய கூப்பிட்டு, இன்னும் தெளியல, பாருங்கன்னேன். அவ திரும்பி உள்ள போய் பேரு கேட்டா, ஊரு கேட்டா, என்ன மாசம், என்ன கிழமை, நூறுலருந்து ஏழு ஏழாக் கழிங்கன்னா. எல்லாம் சரியாச் சொன்னா. எனக்கே எழுபத்திரெண்டு, அறுபத்தஞ்சுக்கு அப்புறம் தடுமாறும். இன்னொரு தடவை பாருங்க டாக்டர்னேன். "அவங்க தெளிவா இருக்காங்க சார். உடம்புல மருந்தே இல்ல"ன்னா.

பத்து மாசமாச்சு. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை போறேன், இன்னைக்கும் அதுக்குத்தான். வாங்கன்னு கூப்பிடுவா, சாப்பாடு போடுவா. அவளும் இப்ப தங்கச்சியோட எலுமிச்சங்காய் பிரிக்கப் போறா, உக்காந்து பாக்குத வேலைதானே. கொஞ்சம் சதை போட்டிருக்கா. வீட்டுக்கு வான்னா பேச்சை மாத்த மாட்டா, வரலைங்கன்னு நேரா சொல்லுவா. முப்பத்தஞ்சு வருஷமா சரின்னு மட்டும் சொன்னவ. மருந்து இல்லாம வேற என்ன?

ரொம்ப நாளா ஒண்ணு மனசுல அரிச்சுக்கிட்டே இருந்துது. அன்னைக்கு பேசுனது அவளுக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா. போன மாசம் சண்பகம் கடைக்குப் போயிருந்தா. கேட்டுட்டேன். இல்லைங்க, என்ன பேசுனேன்னு கேட்டா. சரி, மறைக்கப்பிடாதுன்னு எல்லாத்தையும் சொன்னேன். பை, புளியங்குடி வண்டி, சைக்கிள் ஸ்டாண்டு, எல்லாம். நறுக்கிக்கிட்டிருந்த காயை ஓரங்கட்டிட்டுக் கேட்டா. நான் நெனைச்சேன், ஐயோ அப்படியா சொன்னேன்னு கையப் பிடிச்சுக்கிடுவான்னு.

முழுசாக் கேட்டு முடிச்சுட்டு, "அதுக்கு அந்த டைம் கீப்பர் என்ன சொன்னாரு?"ன்னு கேட்டா.

"ஏளா, அது நான்தானே."

"சரி. நீங்க என்ன சொன்னீங்க?"

"மணி ரெண்டாச்சு, மாத்திரையப் போடுன்னேன்"னேன்.

தலைய ஆட்டினா. லேசாச் சிரிச்ச மாதிரிக்கூட இருந்துது. "அப்படித்தான் சொல்லியிருப்பீங்க"ன்னா. அப்புறம் எந்திரிச்சு என் பையை எடுத்துக் கையில கொடுத்து, "மூணே காலுக்கு ஒரு தென்காசி வண்டி இருக்கு, அதுல போனா உக்கார எடம் கெடைக்கும்"ன்னா.

அந்த வண்டி மூணு இருபதுக்குத் தம்பி. எத்தனையோ வருஷம் என் கையால எழுதியிருக்கேன், அவளுக்கும் நல்லாத் தெரியும். அஞ்சு நிமிஷம் தப்பாச் சொல்லுதா. நீங்களே சொல்லுங்க, உடம்பை விட்டு மருந்து எறங்கியிருந்தா அப்படிச் சொல்லுவாளா?